பஞ்சா, ஊசியா? கிளாக்கோமா அறுவைச் சிகிச்சையில் மைட்டோமைசின் செலுத்தும் முறைகள்: ஒரு மதிப்பீடு

கிளாக்கோமா நோய்க்குச் செய்யப்படும் டிராபெகுலெக்டமி அறுவைச் சிகிச்சையில், கண்ணின் உள்நீர் வெளியேற வழி திறந்துவிடுவது பெரிய வேலை அன்று. திறந்த வழி தழும்பால் அடைபடாமல் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கச் செய்வதுதான் பெரிய வேலை. அதற்காகவே அறுவையின்போது மைட்டோமைசின் சி என்னும் மருந்தைக் கொடுக்கிறோம். மருந்து ஒன்றுதான் என்றாலும் அதைத் திசுவுக்குக் கொண்டுசேர்க்கும் முறைகள் பல. பஞ்சில் நனைத்து வைப்பது நெடுநாள் வழக்கம். ஊசியால் செலுத்துவது பின்னர் வந்தது. அளவு திட்டப்படுத்தப்பட்டு, பஞ்சுடன் சேர்ந்து பெட்டியாக வருவது அமெரிக்கச் சந்தையில் கிடைக்கிறது. இம்மூன்றையும், இவற்றுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட சிலவற்றையும், அறுவை அரங்கில் வேலை செய்யும் கண் மருத்துவர் என்ற முறையில் இங்கே மதிப்பிட முயல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதற்கு முன் அறுவை எதுவும் செய்யப்படாத கண்ணுக்கு, நீர்த்த மைட்டோமைசினை ஊசியால் செலுத்துவதையே நான் விரும்புகிறேன். ஆனால் அதற்கான காரணம், பலர் கருதுவதுபோல், கண் அழுத்தம் கூடுதலாகக் குறைகிறது என்பதன்று.

பார்வை நரம்பு சிறிது சிறிதாகத் தேயும் இந்நோயில் இழந்த பார்வையை மீட்க இயலாது. எஞ்சியிருப்பதைக் காக்க மட்டுமே இயலும். சென்னை கிளாக்கோமா ஆய்வு, நாற்பது வயதைக் கடந்தவர்களில் கண்ணின் வடிகால் கோணம் அடைபடாமலேயே, வேறு நோயின் தூண்டலின்றி வரும் ‘முதல்நிலைத் திறந்த கோண’ வகை நோய் கிராமப்புறத்தில் 1.62 விழுக்காட்டினரிடமும் சென்னை நகரில் 3.51 விழுக்காட்டினரிடமும் இருப்பதைக் கண்டறிந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு நோய் இருப்பதையே அதுவரை அறிந்திருக்கவில்லை. இவ்வாறு காலந்தாழ்ந்து வருபவர்களுக்குக் கண் அழுத்தம் இயல்பின் மேல்வரம்பாகக் கொள்ளப்படும் 21 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருக்கிறது என்பது போதாது. பத்து அல்லது பன்னிரண்டு என்ற அளவுக்கு அதைக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. சொட்டு மருந்தால் அந்த இலக்கை எட்ட முடியாத நோயாளிக்கு அறுவைதான் வழி. அந்த அறுவை பொய்த்துப்போனால், அடுத்த வாய்ப்பு முதல் வாய்ப்பைவிட எப்போதும் மோசமாகவே இருக்கும். எனவேதான் மருந்து செலுத்தும் முறையைப் பற்றி இத்தனை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கெயர்ன்ஸ் 1968 இல் விவரித்த டிராபெகுலெக்டமி, சில மாற்றங்களுடன் இன்றும் அதே அறுவைதான். மேல் இமைக்குக் கீழே, விழியின் வெண்பகுதியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய இமையிணைப் படலத்தை விலக்கி, வெண்விழிப் படலத்தில் பாதித் தடிமனுக்கு ஒரு மூடியைச் செதுக்கி, அதற்கடியில் கண்ணின் முன்னறைக்குள் சிறு திறப்பு ஏற்படுத்தி, மூடியைத் தளர்வாகத் தைக்கிறோம். கசியும் நீர் இமையிணைப் படலத்துக்கடியில் தேங்கி, மெல்ல உறிஞ்சப்படுகிறது. அந்த மேட்டைத்தான் நாங்கள் ப்ளெப் என்கிறோம். ஆனால் உடல் இதைக் காயமாகவே கருதுகிறது. இமையிணைப் படலத்துக்கடியில் விழியைச் சுற்றியிருக்கும் டெனான் உறையிலுள்ள, தழும்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் பெருகி, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைச் சுரந்து, சில வாரங்களிலேயே அந்த இடத்தை ஒட்டவைக்கத் தொடங்குகின்றன. உடலின் மற்ற இடங்களில் காயம் நன்றாக ஆறினால் அறுவை வெற்றி. இங்கே காயம் முழுதாக ஆறிவிட்டால் அறுவை தோல்வி.

தழும்பைத் தடுக்க முதலில் பரவலாகப் பயன்பட்டது 5-ஃப்ளூரோயூராசில். 1980களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஏற்கெனவே அறுவை செய்யப்பட்ட, தோல்விக்கு வாய்ப்பு மிகுந்த 213 பேர் சேர்க்கப்பட்டனர். மருந்துப் பிரிவினருக்கு அறுவைக்குப் பின் முதல் வாரம் நாளொன்றுக்கு இருமுறையும், இரண்டாம் வாரம் நாளொன்றுக்கு ஒருமுறையும் கண்ணில் ஊசி போடப்பட்டது. ஒவ்வொரு ஊசியிலும் 5 மி.கி. மருந்து. ஐந்தாண்டு முடிவில் தோல்வி 74 விழுக்காட்டிலிருந்து 51 ஆகக் குறைந்தது உண்மை. ஆனால் கருவிழியின் மேற்தோல் உரிந்து வலியால் துடித்தவர்கள் பலர். இருபத்தொரு ஊசிக்குத் தினமும் மருத்துவமனைக்கு வர வேண்டியிருந்தது. வெளியூரிலிருந்து துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பேருந்தில் வரும் நோயாளிக்கு இப்படியொரு முறையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. மருந்தின் வலிமையைவிடச் செலுத்தும் முறையே ஒரு சிகிச்சையை வாழவோ வீழவோ செய்யும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இன்று 5-ஃப்ளூரோயூராசில், அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் ப்ளெப் சிவந்து தடிக்கத் தொடங்கினால் ஓரிரு முறை போடப்படும் துணை ஊசியாகத் தன் இடத்தைச் சரியாகப் பெற்றிருக்கிறது.

மைட்டோமைசின் சி, ஜப்பானில் 1950களில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கேஸ்பிட்டோசஸ் என்னும் மண் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புற்றுநோய் மருந்து. டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடுவதால், செல் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அது பிளந்து பெருகும் திறனை இழக்கிறது. செல் டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் கட்டத்தில் மட்டும் முதன்மையாக வேலை செய்யும் 5-ஃப்ளூரோயூராசிலைப்போல் இதைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை. சில நிமிடத் தொடர்பே போதும். 1980களின் தொடக்கத்தில் தைவானைச் சேர்ந்த மருத்துவர் சென் இதை டிராபெகுலெக்டமியில் பயன்படுத்திக் காட்டினார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் உலகமெங்கும் பஞ்சு முறை வேரூன்றியது.

பஞ்சு முறையை அரங்கில் கிட்ட நின்று பார்த்தால், அதன் பலமும் பலவீனமும் ஒருசேரப் புலப்படும். மருந்து உலர்ந்த தூளாகக் குப்பியில் வருகிறது. 2 மி.கி. குப்பியில் 5 மி.லி. நீர் சேர்த்தால் மில்லி லிட்டருக்கு 0.4 மி.கி.; 10 மி.லி. சேர்த்தால் 0.2 மி.கி. கரைந்ததும் நீலம் கலந்த ஊதா நிறம் தெரியும். செவிலியர் ஒரு கிண்ணத்தில் அதை ஊற்றித் தருவார். அறுவைக் கத்தரியால் பஞ்சைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நனைத்து, இமையிணைப் படலத்துக்கும் வெண்விழிப் படலத்துக்கும் இடையே ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். படலத்தின் வெட்டு விளிம்பு மருந்தில் படாமல் உயர்த்திப் பிடிக்க வேண்டும். பட்டால் தையல் ஆறாமல் நீர் கசியும். இரண்டு அல்லது மூன்று நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்து, துண்டுகளை எண்ணி எடுத்து, பி.எஸ்.எஸ். எனப்படும் சமன்செய்த உப்புக் கரைசலால் தாராளமாகக் கழுவ வேண்டும். எண்ணிக்கை தவறி ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் அது நாட்பட்ட அழற்சிக்கு வித்தாகும். ஆகையால் உள்ளே வைத்த எண்ணிக்கையைச் செவிலியர் உரக்கச் சொல்வதும், எடுக்கும்போது திரும்பச் சொல்வதும் நல்ல வழக்கம்.

இம்முறையில் எவ்வளவு மருந்து திசுவுக்குள் போனது என்பதை யாராலும் சொல்ல முடியாது. கரைசலின் செறிவு தெரியும், காத்திருந்த நேரம் தெரியும். ஆனால் பஞ்சு எவ்வளவு உறிஞ்சியது, செருகும் முன் அது பிழியப்பட்டதா, எத்தனை துண்டு வைக்கப்பட்டது, எந்த அளவுக்கு வெட்டப்பட்டது என்பவை ஒவ்வொரு அரங்கிலும் மாறும். செல்லுலோஸால் ஆன பஞ்சும் பாலிவினைல் ஆல்கஹாலால் ஆன பஞ்சும் நீரை வெவ்வேறு அளவில் ஏந்தி வெவ்வேறு அளவில் விடுகின்றன. செல்லுலோஸ் வகை எளிதில் இழை இழையாகப் பிரிந்து எச்சம் விடும் என்பதால் மற்றதையே நான் தேர்ந்தெடுப்பேன். “0.2 மி.கி., இரண்டு நிமிடம்” என்று இரு மருத்துவர்கள் ஒரே வாசகத்தைக் குறிப்பேட்டில் எழுதினாலும், இரு நோயாளிகளின் கண்களும் பெற்ற மருந்து ஒன்றாக இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. செல்லைக் கொல்லும் ஒரு மருந்தைக் கண்ணில் இடும்போது இந்த நிச்சயமின்மையை நாம் நெடுங்காலம் பெரிதுபடுத்தாமல் இருந்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பஞ்சு முறையின் ஆரம்ப ஆண்டுகளில் நேர்ந்த பெரும் கேடு, மருந்தை மூடியின் மேல் மட்டும், கருவிழி விளிம்பை ஒட்டிச் சிறிய பரப்பில் வைத்ததால் வந்தது. மருந்து பட்ட சிறு பரப்பு இரத்த நாளமின்றி வெளுத்து மெலிந்தது. அதைச் சுற்றி மருந்து படாத இடத்தில் தழும்பு வளையம் இறுகியது. கடைமடை அடைபட்ட வாய்க்காலில் தலைமடைக் கரை உடைவதுபோல், பின்புறம் பரவ வழியில்லாத நீர் முன்பக்கத்து மெல்லிய சுவரையே அழுத்திக் கொப்புளமாக்கி, ஆண்டுகள் கழித்துக் கசிவை உண்டாக்கியது. அந்தக் கசிவின் வழியே கிருமி உள்ளே நுழைந்தால் ஓரிரு நாளில் கண் பறிபோகும். இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் பெங் காவும் அவரது குழுவினரும் இதைக் கூர்ந்து கவனித்து, பஞ்சை அகன்ற பரப்பில், கருவிழி விளிம்பிலிருந்து தள்ளிப் பின்னோக்கி வைக்கும் முறையை வகுத்தனர். அதன்பின் ப்ளெப்கள் தாழ்வாகவும் பரவலாகவும் அமையத் தொடங்கின. என் பார்வையில், மருந்து செலுத்தும் முறைகளின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள திருத்தம் வேறில்லை. மருந்து மாறவில்லை, செறிவும் பெரிதாக மாறவில்லை. வைத்த இடமும் பரப்பும் மட்டுமே மாறின. இன்று பஞ்சு முறையைக் குறைகூறுவோர் பலரும் அந்தப் பழைய பஞ்சு முறையையே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இனி ஊசி. 2008 இல் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர்கள் டெனான் உறைக்குள் மைட்டோமைசினை ஊசியால் செலுத்திச் செய்த டிராபெகுலெக்டமி பற்றி எழுதினார்கள். அதன்பின் பல மையங்களில் இம்முறை பரவியது. செய்முறை எளிது. பாதுகாப்புப் பொருள் சேராத லிக்னோகெய்ன் என்னும் மரப்பு மருந்துடனோ பி.எஸ்.எஸ். கரைசலுடனோ கலந்து, மில்லி லிட்டருக்கு 0.1 மி.கி. என்ற அளவுக்கு நீர்க்கச் செய்த மருந்தில் 0.1 மி.லி. மட்டும் எடுத்தால், அதிலிருப்பது 10 மைக்ரோகிராம். இமையிணைப் படலத்தைத் திறப்பதற்கு முன்பே, கருவிழி விளிம்பிலிருந்து எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் பின்னே, மெல்லிய ஊசியின் வாய் மேல்நோக்கி இருக்க, இரத்த நாளங்களுக்கு விலகி நுழைந்து மெதுவாக அழுத்த வேண்டும். படலம் சிறு மேடாக எழும்பும். நுண்ணோக்கியில் அதன் கீழே வெளிர் ஊதா சாயல் தெரியும். ஊசியை உருவியதும் அந்தத் துளையைப் பஞ்சு முனையால் சற்று அழுத்திப் பிடித்து, மேட்டைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நீவிவிட வேண்டும். முன்னோக்கி நீவக் கூடாது. பிறகு மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டுப் படலத்தைத் திறக்கும்போது அப்பகுதியைக் கழுவிவிடலாம்.

இந்த நீவுதல் சிறிய செயலாகத் தோன்றினாலும், ஊசி முறையின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மருந்து கருவிழி விளிம்பை நோக்கி ஓடிவிட்டால், மூர்ஃபீல்ட்ஸ் குழுவினர் எதைத் தவிர்க்கச் சொன்னார்களோ அதையே நாம் வேறு கருவியால் செய்தவர்களாவோம். பயிற்சி மருத்துவர்கள் ஊசியைக் குத்துவதில் காட்டும் கவனத்தை அதற்குப் பிந்தைய அரை நிமிடத்தில் காட்டுவதில்லை. நீவும் விரலுக்கு அவசரம் ஆகாது.

இரு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் என்ன சொல்கின்றன? டெஹ்ரானில் 80 கண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்தி, 2017 இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் கண் அழுத்தக் கட்டுப்பாடு இரு பிரிவிலும் ஒத்திருந்தது. ஆனால் ஊசிப் பிரிவில் ப்ளெப்கள் அதிகம் பரவியும், தாழ்வாகவும், இரத்த நாளம் குறைந்தும் காணப்பட்டன. அதே நோயாளிகளை மூன்றாண்டு பின்தொடர்ந்தபோதும் ஊசி முறை பின்தங்கவில்லை. அமெரிக்காவில் நடந்து 2020 இல் வெளியான மற்றொரு குலுக்கல் ஆய்வும் அழுத்தத்திலோ சிக்கல்களிலோ பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து 2020 இல் இந்தியக் கண் மருத்துவ இதழில் வெளியான ஓராண்டு ஆய்வும், ஊசி முறை பஞ்சு முறைக்கு நிகரானது என்ற முடிவுக்கே வந்தது. நம் மக்களின் கண்களில் செய்யப்பட்டது என்பதால் இந்தக் கடைசி ஆய்வுக்கு நான் தனி மதிப்பளிக்கிறேன். நிறமி மிகுந்த கண்களில் தழும்பும் வேகமாக உருவாகும் என்பதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். வெள்ளையர் கண்களில் கிடைத்த முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. டெஹ்ரான் ஆய்வில் ஊசிக்கு 0.01 விழுக்காட்டுக் கரைசலும் (மில்லி லிட்டருக்கு 0.1 மி.கி.) பஞ்சுக்கு 0.02 விழுக்காட்டுக் கரைசலும் (0.2 மி.கி.) பயன்பட்டன. அதாவது, செலுத்தும் முறை மட்டுமன்றி மருந்தின் செறிவும் பரப்பும் சேர்ந்தே மாறுகின்றன. ப்ளெப் பரவலாக அமைந்ததற்குக் காரணம் ஊசியா, அது சென்று சேர்ந்த அகன்ற பரப்பா என்று பிரித்துச் சொல்ல இவ்வகை ஆய்வுகளால் இயலாது. பஞ்சை மூர்ஃபீல்ட்ஸ் முறைப்படி மிக அகலமாகப் பின்னோக்கி வைக்கும் ஒருவர், ஊசிக்கு மாறுவதால் பெரிதாக எதையும் பெறப்போவதில்லை என்று வாதிட்டால் என்னால் மறுக்க முடியாது. கண் அழுத்தத்தைக் காட்டி ஊசியை உயர்த்திப் பேசுவது சான்றுக்கு மீறிய பேச்சு.

பிறகு ஏன் ஊசியை விரும்புகிறேன்? திசுவுக்குள் சென்ற மருந்து 10 மைக்ரோகிராம் என்றால் 10 மைக்ரோகிராம்தான். நாளை வேறொரு மருத்துவர் என் குறிப்பைப் படித்து அதையே திரும்பச் செய்ய முடியும். பஞ்சை வெட்டுவதும் எண்ணுவதும் காத்திருப்பதும் இல்லாததால் நேரம் மிச்சமாகிறது. படலத்தை விரித்துப் பிடிக்கும் காயமும் குறைகிறது. வெட்டு விளிம்பில் மருந்து படும் வாய்ப்பும் குறைவு, ஏனெனில் மருந்து போகும்போது வெட்டே இன்னும் போடப்படவில்லை. அரங்கில் திறந்த கிண்ணத்தில் செல்நச்சு மருந்து இருப்பதில்லை. நனைந்த பஞ்சுகளும் சேர்வதில்லை. மஞ்சள் பையில் தனியே அகற்ற வேண்டிய கழிவு ஒரு சிரிஞ்சோடும் குப்பியோடும் முடிந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் அந்தக் கிண்ணத்தைக் கையாளும் செவிலியர்களின் பாதுகாப்பு மருத்துவ இதழ்களின் அட்டவணைகளில் இடம்பெறுவதில்லை. ஆனால் ஒரு முறையை மதிப்பிடும்போது அதையும் கணக்கில் எடுப்பது நம் கடமை.

ஊசியின் குறைகளும் சிறியவை அல்ல. பஞ்சைத் திரும்ப எடுத்துவிடலாம், செலுத்திய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. கழுவினாலும் திசுவுக்குள் ஊறியது ஊறியதுதான். நீர்க்கச் செய்வதில் ஒரு படி தவறினால், பஞ்சு முறையில் நிகழும் தவறைவிட அதன் விளைவு கடுமையாக இருக்கும். ஆகவே, கலந்தவர் ஒருவரும் சரிபார்த்தவர் மற்றொருவருமாக இருவர் கையொப்பம் இல்லாமல் அந்தச் சிரிஞ்சு அறுவை மேசைக்கு வரக் கூடாது. பெயரும் செறிவும் எழுதிய சீட்டு அதில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஊசி முனை இரத்த நாளத்தைக் கீறினால் படலத்தின் கீழ் இரத்தம் பரவி, அறுவை தொடங்கும் முன்பே இடம் கெட்டுவிடும். இரத்தமே தழும்புக்கு உரம். கருவிழியின் உட்புறச் செல்கள் மைட்டோமைசினைத் தாங்க மாட்டா என்பதால், மருந்து கண்ணின் முன்னறைக்குள் செல்ல எவ்வகையிலும் இடம் தரக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, முன்பே அறுவை நடந்து படலம் ஒட்டிப்போன கண்களில் ஊசி முறை சரியாக வேலை செய்வதில்லை என்பதாகும். தழும்பின் தளத்தில் மருந்து பரவாது. எளிதாக இருக்கும் பக்கம் ஓடி, தேவையற்ற இடத்தில் தேங்கும். அத்தகைய கண்ணில் படலத்தைத் திறந்து, ஒட்டியதைப் பிரித்து, எங்கே மருந்து வேண்டுமோ அங்கே கண்ணால் பார்த்துப் பஞ்சை வைப்பதே சரி. அங்கே நான் இன்றும் பஞ்சைத்தான் எடுக்கிறேன்.

மைட்டோசால் என்னும் தயார்நிலைப் பெட்டி 2012 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. கண் அறுவைக்கென்றே ஒப்புதல் பெற்ற மைட்டோமைசின் அதுவே. குப்பியில் 0.2 மி.கி. மருந்து, கரைக்க நீர், அளவாக வெட்டிய பஞ்சுகள், எல்லாம் கிருமி நீக்கப்பட்டு ஒரே பெட்டியில் வருகின்றன. கலந்த ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, பஞ்சுகளை இரண்டு நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். பஞ்சு முறையின் நிச்சயமின்மையில் பாதியை இது களைந்துவிடுகிறது: செறிவில் பிழை வராது, பஞ்சின் அளவு ஒன்றே. மறுபாதி, அதாவது மருத்துவர் எத்தனை துண்டை எங்கே வைக்கிறார் என்பது, அப்படியே இருக்கிறது. புற்றுநோய்க்கான சாதாரணக் குப்பி நம் ஊரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள இப்பெட்டியை இங்கே பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால், கண் அறுவைக்கேற்ற சிறு அளவில், நீர்க்கும் படிகளே தேவைப்படாத குப்பி ஒன்றை நம் நாட்டு நிறுவனங்கள் மலிவாகத் தயாரித்தால், அது பெரிய உதவியாக இருக்கும்.

மைட்டோமைசினே வேண்டாம் என்று வந்த மாற்றுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஓலோஜென் என்பது பன்றிக் கொலாஜனால் ஆன நுண்துளைத் தகடு. மூடியின் மேல் வைத்தால் செல்கள் ஒழுங்கின்றி வளரும்படி செய்து இறுகிய தழும்பைத் தவிர்க்கிறது. சில மாதங்களில் கரைந்துவிடுகிறது. நச்சுத்தன்மை இல்லாதது அதன் நல்ல பக்கம். மைட்டோமைசினை முற்றிலும் இடம்பெயர்க்கும் அளவுக்கு அது தன்னை நிறுவிக்கொள்ளவில்லை என்பதே என் மதிப்பீடு. இதை வைக்க எண்ணும் மருத்துவர், அது பன்றியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி இசைவு பெற வேண்டும். அதைச் சொல்லாமல் விடுவது தவறு. தழும்பைத் தூண்டும் டி.ஜி.எஃப். பீட்டா-2 புரதத்தைத் தடுக்கும் கேட்-152 என்னும் எதிர்ப்பொருள் ஊசி மீது ஒரு காலத்தில் பெரும் நம்பிக்கை இருந்தது. 2007 இல் வெளியான பெரிய ஆய்வில் அது வெற்று மருந்தைவிடச் சிறந்ததாக அமையவில்லை.

புதிய கருவிகள் வந்தபின் செலுத்தும் முறை சில இடங்களில் நம் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல என்றாகிவிட்டது. கண்ணின் உள்நீரை இமையிணைப் படலத்துக்கடியில் வடிக்கும், 2016 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ‘ஸென்’ (XEN) ஜெல் குழாயை, கண்ணுக்குள்ளிருந்து வெளிநோக்கிச் செருகும் வழக்கமான முறையில், படலம் திறக்கப்படுவதே இல்லை. பஞ்சு வைக்க இடமில்லாததால் ஊசிதான் வழி. ஊசி முறை அண்மைக் காலத்தில் இத்தனை வேகமாகப் பரவியதற்கு ஆய்வு முடிவுகளைவிட இக்கருவியே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதே வேலையைச் செய்யும் மற்றொரு கருவியான பிரிசர்ஃப்ளோ குழாய்க்குப் படலம் திறக்கப்படுவதால் அங்கே பஞ்சு வழக்கத்தில் இருக்கிறது.

நோயாளிகளும் அவர்களது குடும்பத்தினரும் இதைப் படிப்பீர்கள் என்பதால் உங்களுக்கும் சில சொல்ல வேண்டும். ஊசி போடும் மருத்துவரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். பஞ்சு முறையில் நன்கு பழகிய கை, ஊசியில் புதிய கையைவிட உங்கள் கண்ணுக்குப் பாதுகாப்பானது. எந்த முறையில் மருந்து செலுத்தப்பட்டாலும் அடுத்த சில வாரங்கள் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தவறாமல் விடுவதும், சொன்ன நாளில் வந்து காட்டுவதும், தேவைப்பட்டால் தையல் தளர்த்தப்படுவதும் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. மைட்டோமைசின் பட்ட ப்ளெப் எத்தனை ஆண்டானாலும் கிருமிக்கு இடம் தரக்கூடியது. அறுவை செய்த கண் சிவந்தாலோ, பீளை கட்டினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, அது பத்தாண்டுக்குப் பின் நேர்ந்தாலும், கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்க்காமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், உங்கள் வெளிச்செல் குறிப்பில் மைட்டோமைசின் கொடுக்கப்பட்டதா, பஞ்சா ஊசியா, செறிவு எவ்வளவு, பஞ்சென்றால் எத்தனை நிமிடம், ஊசியென்றால் எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தருமாறு கேளுங்கள். ஐந்தாண்டு கழித்து வேறொரு ஊரில் வேறொரு மருத்துவர் அந்த ப்ளெப்பைத் திருத்த நேர்ந்தால், அவருக்கு உங்கள் கண்ணைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது அந்த ஒரு வரிதான்.